அறுவடைப் பணம் முழுவதும் லாபமல்ல: இளம் விவசாயிகள் தெரிந்துகொள்ள வேண்டிய பட்ஜெட் சொற்கள்

சேத்தூர், ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தில் படிப்பை முடித்துவிட்டு அப்பாவோடு விவசாயத்தில் இறங்கும் இளைஞர்கள் பலர் உண்டு. சம்பளக்காரருக்கு மாதம் ஒருமுறை பணம் வரும். விவசாயிக்கு அறுவடையின்போது மொத்தமாக வந்து, பிறகு மாதக்கணக்கில் வராமலே இருக்கும். அதனால் பட்ஜெட் நமக்குத்தான் அதிகம் தேவை. அதற்கு அடிப்படையான சில சொற்களைப் பார்ப்போம்.

வரவும் லாபமும்

எடுத்துக்காட்டாக, ஒரு ஏக்கர் நெல் விற்று 60,000 ரூபாய் கைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். இது வரவு. உழவு, விதை, நடவு, களையெடுப்பு, உரம், மருந்து, அறுவடை இயந்திர வாடகை எல்லாம் சேர்த்து 35,000 ரூபாய் செலவு. மீதி 25,000 ரூபாயை லாபம் என்று பலரும் எண்ணிவிடுகிறோம். ஆனால் குடும்பத்தார் வயலில் உழைத்த 20 நாளுக்கு, நாளுக்கு 500 ரூபாய் வீதம் 10,000 ரூபாய் கூலியும் செலவுதான்.

அடுத்தது தேய்மானம். 40,000 ரூபாய்க்கு வாங்கிய மோட்டார் 10 ஆண்டு உழைத்தால் ஆண்டுக்கு 4,000 ரூபாய் தேய்கிறது. இரண்டு போகம் என்றால் போகத்துக்கு 2,000 ரூபாய். இவற்றைக் கழித்தால் உண்மையான நிகர லாபம் 13,000 ரூபாய்தான்.

நடைமுறை மூலதனம்

அடுத்த போகத்தைத் தொடங்கத் தேவையான பணமே நடைமுறை மூலதனம். வந்த 60,000 ரூபாயில் முதலில் 35,000 ரூபாயை இதற்கு ஒதுக்குங்கள். மோட்டாருக்கு 2,000 ரூபாய் எடுத்து வையுங்கள். வீட்டுக்கு மிஞ்சுவது 23,000 ரூபாய். அடுத்த அறுவடைக்கு 5 மாதம் என்றால் மாதம் 4,600 ரூபாய். உங்கள் குடும்ப பட்ஜெட் இந்தத் தொகையில்தான் தொடங்குகிறது.

பணவோட்டம்

எந்த மாதம் பணம் வரும், எந்த மாதம் போகும் என்பதே பணவோட்டம். தென்னையில் ஏறத்தாழ 45 நாளுக்கு ஒரு வெட்டு. மாவில் ஆண்டுக்கு ஒரு பருவம். இரண்டும் வைத்திருப்பவர்கள் தேங்காய்ப் பணத்தை வீட்டுச் செலவுக்கும், மாம்பழப் பணத்தைக் கல்விக் கட்டணம், சேமிப்பு போன்ற பெரிய தேவைகளுக்கும் பிரித்துக்கொள்ளலாம். நெல் மட்டும் உள்ளவர்களுக்குக் கறவை மாடு மாதப் பணவோட்டத்தைச் சமன்செய்ய உதவும்.

வட்டி

நூற்றுக்கு மாதம் 3 ரூபாய் என்பது கேட்கச் சிறிதாக இருக்கும். ஆண்டுக்கு அது 36 சதவீதம். 35,000 ரூபாய்க்கு 5 மாத வட்டி 5,250 ரூபாய். மேலே சொன்ன நிகர லாபத்தில் ஏறத்தாழ 40 சதவீதம் இதிலேயே போய்விடும். கிசான் கிரெடிட் கார்டில் 3 லட்சம் ரூபாய் வரையிலான பயிர்க்கடனுக்கு 7 சதவீத வட்டி. தவணை தவறாமல் கட்டினால் 4 சதவீதம். அதே தொகைக்கு 5 மாதத்தில் 600 ரூபாய்க்குள் முடிந்துவிடும். தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் பயிர்க்கடனைக் கெடுவுக்குள் கட்டினால் வட்டியே இல்லை. 2025 ஜனவரி முதல் 2 லட்சம் ரூபாய் வரையிலான விவசாயக் கடனுக்கு அடமானம் தேவையில்லை.

தவணைக் கடன்

பைக் வாங்கும்போது வட்டி எந்த முறையில் கணக்கிடப்படுகிறது என்று கேளுங்கள். 60,000 ரூபாய் கடனுக்கு 10 சதவீத நிலை வட்டி என்றால், 3 ஆண்டுக்கு வட்டி 18,000 ரூபாய். மாதத் தவணை 2,167 ரூபாய். நீங்கள் அசலைக் கட்டக் கட்ட வட்டி குறையாது என்பதால், குறையும் நிலுவை முறையில் இது ஏறத்தாழ 18 சதவீத வட்டிக்குச் சமம். மாதம் 4,600 ரூபாயில் பாதிக்கு அருகில் தவணைக்கே போனால் வீட்டுச் செலவு நடைமுறை மூலதனத்தில் கைவைக்கும். நடவு நேரத்தில் வட்டிக்கடைக்குப் போவது இப்படித்தான் தொடங்குகிறது.

அவசர நிதி

மழை பொய்த்தாலும் வீட்டில் நோய் வந்தாலும் கடன் வாங்காமல் சமாளிக்க, 3 மாத வீட்டுச் செலவுக்கான பணம் தனியாக இருக்க வேண்டும். ஒரே போகத்தில் சேர்க்க முடியாது. ஒவ்வொரு அறுவடையிலும் கொஞ்சம் ஒதுக்கினால் போதும். பயிர்க் காப்பீடும் இதற்குத் துணை. பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் விவசாயி கட்டும் பங்கு காரீப் உணவுப் பயிருக்கு அதிகபட்சம் 2 சதவீதம், ராபிக்கு 1.5 சதவீதம், வணிக, தோட்டக்கலைப் பயிர்களுக்கு 5 சதவீதம்.

செய்ய வேண்டியவை

• வயலுக்கு ஒரு வங்கிக் கணக்கு, வீட்டுக்கு ஒரு கணக்கு என்று பிரித்து வையுங்கள்.
• ஒரு நோட்டில் அன்றன்று வரவு, செலவு எழுதுங்கள். உரக்கடைப் பாக்கியையும் மறக்காமல் எழுதுங்கள்.
• அறுவடைப் பணம் வந்தவுடன் நடைமுறை மூலதனம், கடன் தவணை, அவசர நிதி, வீட்டுச் செலவு என்ற வரிசையில் ஒதுக்குங்கள்.
• போகம் முடிந்ததும் வீட்டாரோடு உட்கார்ந்து கணக்குப் பாருங்கள்.

இங்கே கொடுத்த தொகைகள் கணக்கு விளங்குவதற்காக மட்டுமே. உங்கள் வயலின் எண்களைப் போட்டு ஒருமுறை கணக்கிட்டுப் பாருங்கள். எந்தப் பயிர் உங்களுக்குக் கட்டுப்படியாகிறது என்பதும் அதிலேயே தெரிந்துவிடும்.