ஓட்டு வீட்டில் சோலார்: பேனலை எதில் பிடிப்பது?

கடலூர், சிதம்பரம் பக்கம் ஓட்டு வீட்டுக்காரங்க சோலார்னு சொன்னதும் கேட்கிற முதல் கேள்வி, "கூரை எடை தாங்குமா?" நியாயமான கேள்விதான். ஆனா அதைவிடப் பெரிய கேள்வி ஒண்ணு இருக்கு: காற்று தூக்கினா கூரை விடாமப் பிடிக்குமா?

ஒரு சின்னக் கணக்கு. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்தபோது காற்று மணிக்கு 140 கி.மீ. வரை போனது. அதாவது நொடிக்கு 39 மீட்டர். காற்றழுத்தத்துக்கான சூத்திரம் 0.6 × வேகம் × வேகம். விடை சதுர மீட்டருக்குச் சுமார் 93 கிலோ. 540 வாட் பேனல் ஒன்றின் பரப்பு ஏறக்குறைய 2.6 சதுர மீட்டர். ஆக, 28 கிலோ எடையுள்ள பேனலைக் காற்று 240 கிலோ விசையோடு தூக்கப் பார்க்கும். கூரை ஓரத்திலும் முகட்டிலும் இழுப்பு இன்னும் அதிகம். அதனால அந்த இடங்களை ஒட்டிப் பேனல் போடக்கூடாது.

இந்த விசை கிளாம்ப், ரயில், ஹூக், கைமரம் வழியா சுவருக்குப் போய்ச் சேரணும். இதில் எது பலவீனமோ அது முதலில் பிய்யும். இனி கூரை வாரியாகப் பார்ப்போம்.

சீமை ஓடு: ஓடு ரீப்பர் மேல தன் எடையில உட்கார்ந்திருக்கு, அவ்வளவுதான். அதில் எதையும் பிடிக்க முடியாது. ஓட்டை விலக்கி, ஹூக்கைக் கைமரத்தில் திருகி, மறுபடி ஓட்டை மூடணும். ரீப்பரில் திருகினா போதாது. அது மெல்லிய சட்டம். ஹூக் ஓட்டை அழுத்தவும் கூடாது, அழுத்தினா ஓடு விரியும், மழையில ஒழுகும். கைமரத்தில் கரையான் இருக்கான்னு முதல்ல குத்திப் பார்த்துடுங்க.

தகர ஷீட்: போல்ட் ஷீட்டோட மேட்டில் இறங்கணும், பள்ளத்தில் இல்லை. தண்ணீர் ஓடுறது பள்ளத்தில்தான். அது கீழே இருக்கிற பர்லினில் பிடிக்கணும். ரப்பர் வாஷர் கட்டாயம்.

ஆஸ்பெஸ்டாஸ்: வேண்டாம். ஆள் ஏறினாலே உடையும், துளை போட்டா கெடுதலான தூசி வரும். சுவரிலிருந்தோ தரையிலிருந்தோ தனி இரும்புச் சட்டம் எழுப்புறதுதான் வழி.

பேனலைக் கூரைச் சரிவுக்கு இணையாகவே வைக்கலாம். தெற்கே தூக்கி நிறுத்தினா காற்றுதான் கூடுதலா பிடிக்கும். சிதம்பரம் சுமார் 11.4 டிகிரி அட்சரேகையில் இருக்கு. சூரியன் பெரும்பாலும் உச்சியை ஒட்டியே போகுது. கிழக்கு, மேற்குச் சரிவிலும் பெரிய நஷ்டம் வராது. கீழே 10 செ.மீ. இடைவெளி விட்டா பேனல் சூடு குறையும்.

கடைசியா உப்புக் காற்று. சாதாரண இரும்பு போல்ட் கடலோரத்தில் சீக்கிரம் துருப்பிடிக்கும். அலுமினிய ரயில், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போல்ட் கேளுங்க.

பேனல் எந்தக் கம்பெனின்னு கேட்கிறதுக்கு முன்னாடி, போட வர்றவரிடம் "ஹூக்கை எதில் திருகப் போறீங்க?"ன்னு கேளுங்க. "ரீப்பரில்"னு பதில் வந்தா, வேற ஆளைப் பாருங்க.