இழுவைப் பெட்டியும் பாரத்தின் இடமும்

மட்டக்களப்பிலிருந்து ஏறாவூர் நோக்கிச் செல்லும் வீதியில், வாவியை அண்டி அமைந்த ஊர் தன்னாமுனை. நெல்மூடை ஏற்றிய பெட்டிகளை இழுத்துச் செல்லும் இருசக்கர உழவு இயந்திரங்கள் இப்பகுதியில் பழகிய காட்சி. ஓர் ஆங்கிலத் தயாரிப்பின் பெயரான 'லாண்ட்மாஸ்டர்' இலங்கையில் இவ்வினத்துக்கே பொதுப்பெயராயிற்று.

பெட்டிக்கு அச்சு ஒன்றே. அச்சுக்குப் பின்னால் பாரம் மிகுந்தால் முன்புறம் துலாப்போல் மேலெழ முயலும். இயந்திரச் சக்கரங்களின் பிடி தளரும். பிக்கப் வாகனம் விரைந்து இழுக்கும் பயணப் பெட்டியிலோ, இதே பிழை பின்புறத்தை இருமருங்கும் அலைக்கழிக்கும். ஆதலால் 1,000 கிலோப் பெட்டியாயின் 100 முதல் 150 கிலோ வரை கொளுக்கியின்மேல் அமரவேண்டும் என்பது வட அமெரிக்கரின் கணக்கு.

லாண்ட்மாஸ்டரில் இதனினும் பொல்லாத ஆபத்து ஒன்றுண்டு. சமதரையில் இடக்கைக் கிளச்சை அழுத்தினால் இடச்சக்கரத்துக்கு விசை அறும். வலச்சக்கரம் உந்த, வண்டி இடப்புறம் திரும்பும். பாலத்து இறக்கத்திலோ இயந்திரம் பெட்டியை இழுப்பதில்லை. பெட்டியே இயந்திரத்தைத் தள்ளுகிறது. அவ்வேளை அதே கிளச்சை அழுத்தினால் இடச்சக்கரம் தடையின்றி உருளும். வலச்சக்கரத்தை இயந்திரம் தடுத்து நிறுத்தும். விளைவு யாது? இடப்புறம் ஒதுங்க எண்ணியவர் வலப்புறம், எதிரே வரும் பஸ்ஸின் முன்னே பாய்வார். பாரம் ஏறஏறத் தள்ளுதலும் மிகும். புதிதாய்ப் பழகுவோர் இறக்கத்துக்கு முன்னரே தாழ்ந்த கியருக்கு மாற்றி, பக்கக் கிளச்சுகளைத் தொடாது, கைப்பிடியைத் தள்ளியே வண்டியைத் திருப்புதல் வேண்டும்.