வருஷா வருஷம் ஏசிக்கு 'கேஸ்' நிரப்பணுமா? மெக்கானிக் வரும்போது கவனிக்க வேண்டியவை!

வெயில் ஏற ஆரம்பித்ததும் ஏசியை ஆன் செய்கிறோம். போன வருஷம் மாதிரி கூலிங் இல்லை. மெக்கானிக் வருகிறார், அவுட்டோர் யூனிட்டைப் பார்க்கிறார், "கேஸ் கம்மியா இருக்கு, ஃபில் பண்ணிடலாம்" என்கிறார். சில ஆயிரம் ரூபாய் கைமாறுகிறது. அடுத்த கோடையில் மறுபடியும் அதே கதை!

பைக்குக்கு பெட்ரோல் போடுவது போல, ஓட ஓட ஏசியிலும் கேஸ் தீர்ந்துபோகுமா? தீராது. கேஸ் உண்மையிலேயே குறைந்திருந்தால், எங்கேயோ லீக் இருக்கிறது என்றுதான் அர்த்தம். லீக்கை அடைக்காமல் கேஸ் மட்டும் நிரப்புவது, ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிப்பது போலத்தான்.

ஏசிக்குள் கேஸ் என்ன செய்கிறது?

ஏசி குளிர்ச்சியை 'தயாரிப்பது' இல்லை. அறைக்குள் இருக்கும் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போய் வெளியே விடுகிறது. அந்த வெப்பத்தைச் சுமந்து செல்வதுதான் கேஸ்.

இன்று பல புதிய ஏசிகளில் இருக்கும் ஆர்-32 கேஸ், சாதாரண காற்றழுத்தத்தில் மைனஸ் 52 டிகிரி செல்சியஸ் அளவிலேயே கொதித்து ஆவியாகிவிடும். இண்டோர் யூனிட்டில் உள்ள காயிலில் அது திரவத்தில் இருந்து ஆவியாக மாறும்போது, அறையின் வெப்பத்தை உறிஞ்சுகிறது. அதை காம்பிரசர் அழுத்தி அவுட்டோர் யூனிட்டுக்குள் தள்ளுகிறது. அங்கே வெப்பத்தை விட்டுவிட்டு மறுபடியும் திரவமாகி உள்ளே திரும்புகிறது. மூடிய குழாய்க்குள் இதே சுற்று தொடர்ந்து நடக்கிறது. இதில் கேஸ் எரிவதும் இல்லை, செலவாவதும் இல்லை.

இதே சுற்றை ஒரு வால்வு மூலம் திருப்பிவிட்டால், வெளியில் இருக்கும் வெப்பத்தை உள்ளே கொண்டுவந்து அறையைச் சூடாக்கலாம். வட இந்தியாவில் குளிர்காலத்துக்குப் பயன்படும் 'ஹாட் அண்ட் கோல்ட்' ஏசியும், குளிர் நாடுகளின் 'ஹீட் பம்ப்'பும் இப்படித்தான் இயங்குகின்றன. எதுவாக இருந்தாலும் கேஸ் விஷயத்தில் விதி ஒன்றுதான்.

அப்போ ஃபிரிட்ஜுக்கு ஏன் நிரப்புவதில்லை?

நியாயமான கேள்வி. ஃபிரிட்ஜும் இதே முறையில்தான் வேலை செய்கிறது. ஆனால் அதன் குழாய்கள் தொழிற்சாலையிலேயே பற்றவைத்து மூடப்பட்டு வருகின்றன. ஸ்பிளிட் ஏசியில், இரண்டு யூனிட்டையும் இணைக்கும் செம்புக் குழாயை நம் வீட்டுக்கு வந்துதான் மாட்டுகிறார்கள். குழாயின் முனையைப் புனல் மாதிரி விரித்து, நட் போட்டு முறுக்குவார்கள். முனை சரியாக விரியவில்லை என்றாலோ, நட்டை லூசாகவோ அளவுக்கு மீறியோ முறுக்கினாலோ, கேஸ் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும்.

கடலோரப் பகுதிகளில் இன்னொரு எதிரி உப்புக் காற்று. சென்னை, தூத்துக்குடி போன்ற ஊர்களில் இது காயிலை அரித்து நுண்ணிய ஓட்டைகளைப் போட்டுவிடும்.

கூலிங் இல்லையா? உடனே கேஸ் மேல் பழி போடாதீங்க

கூலிங் குறைய கேஸ் மட்டுமே காரணம் இல்லை. ஃபில்டரில் தூசி அடைத்திருக்கலாம். அவுட்டோர் காயிலில் அழுக்கு படிந்திருக்கலாம். கெப்பாசிட்டர் பலவீனமாகி இருக்கலாம். அவுட்டோர் யூனிட்டைச் சுற்றி காற்று போக இடமே இல்லாமல் இருக்கலாம்.

இண்டோர் காயிலில் ஐஸ் பிடித்தால் கேஸ் குறைவு என்பார்கள். ஃபில்டர் அடைத்திருந்தாலும் ஐஸ் பிடிக்கும். அதனால் முதலில் ஃபில்டரைக் கழற்றிக் கழுவிப் போட்டுப் பாருங்கள். இதற்கு ஒரு பைசா செலவில்லை. குழாய் இணைப்புகளில் எண்ணெய்க் கறை தெரிந்தால் லீக் இருக்க வாய்ப்பு அதிகம். கேஸோடு சேர்ந்து சுற்றும் காம்பிரசர் ஆயில்தான் அங்கே வெளியே வருகிறது.

கேஸ் நிரப்ப சரியான முறை எது?

இதில் 4 படிகள் உண்டு. ஒன்றைத் தாண்டினாலும் செலவு மறுபடியும் வரும்.

1. லீக்கைக் கண்டுபிடிப்பது: குழாய்க்குள் நைட்ரஜனை அழுத்தி நிரப்பி, இணைப்புகளில் சோப்பு நுரை தடவினால், கசியும் இடத்தில் குமிழி வரும். நைட்ரஜனுக்குப் பதில் ஆக்சிஜன் சிலிண்டரைப் பயன்படுத்த ஒருபோதும் அனுமதிக்காதீர்கள். காம்பிரசர் ஆயிலோடு ஆக்சிஜன் சேர்ந்தால் வெடிக்கும்.

2. அடைப்பது: நட்டை மாற்றுவது, குழாய் முனையைப் புதிதாக விரிப்பது, ஓட்டையைப் பற்றவைப்பது என லீக்கைப் பொறுத்து வேலை மாறும்.

3. வேக்கம் எடுப்பது: பம்ப் வைத்து குழாயில் உள்ள காற்றையும் ஈரப்பதத்தையும் வெளியேற்ற வேண்டும். ஈரம் உள்ளே தங்கினால் நாளடைவில் அமிலம் உருவாகி காம்பிரசரைக் கெடுக்கும். கொஞ்சம் கேஸைத் திறந்துவிட்டு 'காற்றைத் தள்ளிட்டேன்' என்பது வேக்கம் ஆகாது. புது ஏசி மாட்டும்போதும் இது கட்டாயம்.

4. எடை போட்டு நிரப்புவது: எந்த கேஸ், எத்தனை கிராம் என்பது அவுட்டோர் யூனிட் லேபிளிலேயே அச்சாகி இருக்கும். மிச்சம் எவ்வளவு இருக்கிறது என்று தெரியாத நிலையில், இருப்பதை முறையாக எடுத்துவிட்டு, தராசில் வைத்து முழு அளவையும் நிரப்புவதுதான் துல்லியமான வழி. அளவு கூடினாலும் ஆபத்துதான். அழுத்தம் ஏறும், காம்பிரசர் திணறும், கரண்ட் பில்லும் ஏறும்.

எந்த ஏசிக்கு எந்த கேஸ்?

பழைய ஏசிகளில் ஆர்-22 இருக்கும். ஓசோன் படலத்தைப் பாதிப்பதால், 1987-ம் ஆண்டு மான்ட்ரியல் ஒப்பந்தத்தின் கீழ் உலகம் முழுவதும் இது படிப்படியாகக் கைவிடப்பட்டு வருகிறது. அடுத்து வந்தது ஆர்-410ஏ. இது ஓசோனைப் பாதிக்காது. ஆனால் ஒரு கிலோ காற்றில் கலந்தால், சுமார் 2,000 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமமாகப் பூமியைச் சூடாக்கும். ஆர்-32-க்கு அந்த அளவு 675 கிலோ. சில மாடல்களில் வரும் ஆர்-290 வேறொன்றும் இல்லை, புரொப்பேன்தான். சமையல் கேஸிலும் இருக்கும் அதே வாயு.

இவற்றை மாற்றி மாற்றி நிரப்பவே கூடாது. ஒவ்வொன்றுக்கும் அழுத்தம் வேறு, ஆயிலும் வேறுபடும். ஆர்-32 லேசாகத் தீப்பிடிக்கக்கூடியது, ஆர்-290 எளிதில் தீப்பிடிக்கும். வேலை நடக்கும்போது ஜன்னல்களைத் திறந்து வையுங்கள். அருகில் சிகரெட், விளக்கு எதுவும் வேண்டாம். இது வீட்டில் இருப்பவர்களை விட, சிலிண்டர் பக்கத்திலேயே உட்கார்ந்து வேலை பார்க்கும் மெக்கானிக்குக்குத்தான் முதல் பாதுகாப்பு.

வாடகை வீடு மாறுறீங்களா?

ஏசியைக் கழற்றும் முன், கேஸை முழுவதும் அவுட்டோர் யூனிட்டுக்குள் இழுத்துப் பூட்ட முடியும். இதை 'பம்ப் டவுன்' என்பார்கள். சரியாகச் செய்தால் புது வீட்டில் முழுசாக கேஸ் நிரப்பும் செலவு மிச்சம். ஆனால் காம்பிரசர் ஓடிக்கொண்டிருக்கும்போது குழாயைக் கழற்றினால், உள்ளே காற்று புகுந்து காம்பிரசர் வெடிக்கும் ஆபத்து உண்டு. யூடியூப் பார்த்து நீங்களே முயற்சி செய்ய வேண்டாம்.

பணம் கொடுப்பதற்கு முன் கேட்க வேண்டியவை

- லீக் எங்கே இருந்தது? அந்த இடத்தைக் காட்ட முடியுமா?
- வேக்கம் பம்ப் போட்டீர்களா?
- எந்த கேஸ், எத்தனை கிராம் நிரப்பினீர்கள்? பில்லில் எழுதித் தர முடியுமா?
- இந்த வேலைக்கு எத்தனை மாதம் வாரண்டி?

ஏசி வாங்கி அதிக நாள் ஆகவில்லை என்றால், வெளியாளை அழைக்கும் முன் வாரண்டி கார்டை எடுத்துப் பாருங்கள். லீக்கும் கேஸும் அதில் அடங்குமா என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும்.

இந்தக் கேள்விகளுக்கு பொறுமையாகப் பதில் சொல்லி, லீக்கையும் காட்டும் மெக்கானிக் கொஞ்சம் கூடுதலாகக் கேட்டாலும் தாராளமாகக் கொடுக்கலாம். லீக்கைத் தேடாமலே "கேஸ் போட்டா சரியாயிடும்" என்றால், அடுத்த கோடைக்கும் சேர்த்து பணம் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டியதுதான்!