பிராசசரை மாற்றும் நேரம் வந்துவிட்டதா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கும் எல்லாருடைய வீட்டுக்கும் புத்தம் புதிய கம்ப்யூட்டர் வருவதில்லை. அலுவலகத்தில் கழித்துவிட்டது, அண்ணன் படித்து முடித்துக் கொடுத்தது, செகண்ட் ஹேண்ட் கடையில் பிடித்தது என ஏழெட்டு வயதான டெஸ்க்டாப்தான் பலருக்கு முதல் கம்ப்யூட்டர். சில வாரங்கள் ஒழுங்காக ஓடும். பிறகு பிரவுசர் திறக்கவே ஒரு நிமிடம் ஆகிறதே என்று எரிச்சல் வரும். கடையில் கேட்டால், "பிராசசர் பழசு சார், மாத்திடுங்க" என்பார்கள். அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் பணத்தை எடுக்கும் முன், செலவில்லாத சோதனை ஒன்றை வீட்டிலேயே செய்திடலாம்.

கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று கீகளையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் கிடைக்கும். அதில் பெர்பார்மன்ஸ் பகுதிக்குச் சென்று அப்படியே விட்டுவிட்டு, கம்ப்யூட்டர் எந்த வேலையில் திணறுகிறதோ அந்த வேலையைச் செய்திடுங்கள். திணறும் நேரத்தில் சிபியு, மெமரி, டிஸ்க் மூன்றில் எது உச்சத்தில் நிற்கிறது என்று பாருங்கள்.

டிஸ்க் 100 சதவீதத்தில் நிற்க, சிபியு 20, 30 என்று சும்மா இருந்தால் குற்றவாளி பிராசசர் அல்ல, ஹார்ட் டிஸ்க். சுழலும் தட்டில் அங்கும் இங்குமாகச் சிதறிக் கிடக்கும் சிறு பைல்களைத் தேடி எடுக்க, அதற்கு ஒவ்வொரு முறையும் சுமார் 10 மில்லி செகண்ட் ஆகும். இதைவிட வேகமான பிராசசரைப் போட்டாலும் அது இதே டிஸ்க்குக்காகத்தான் காத்திருக்கும். எஸ்எஸ்டி ஒன்று மாட்டினால் போதும். மெமரி நிரம்பி வழிந்தால் ராமைக் கூட்டுங்கள். பழைய டெஸ்க்டாப்புகளில் பெரும்பாலும் பிரச்சினை இந்த இரண்டில் ஒன்றாகவே இருக்கிறது.

சிபியுதான் 100-ல் நிற்கிறது என்றால், அதே பக்கத்தில் ஸ்பீட் என்று காட்டும் எண்ணையும் பாருங்கள். பேஸ் ஸ்பீட் 3.7 கிகாஹெர்ட்ஸ் என்று இருக்க, வேலை நடக்கும்போது அது 2-க்கும் கீழே இறங்கினால், பிராசசர் பெரும்பாலும் சூட்டினால் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது. மே மாத வெயிலில் இது சாதாரணம். பேனில் அடைந்த தூசியைச் சுத்தம் செய்து, காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டைப் புதிதாகத் தடவினால் பழைய வேகம் திரும்பிவிடும்.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. கம்ப்யூட்டர் திணறும், ஆனால் சிபியு 25 சதவீதம்தான் காட்டும். கிராபில் ரைட் கிளிக் செய்து, லாஜிகல் பிராசசர்ஸ் காட்டும்படி மாற்றிடுங்கள். நான்கு கட்டங்களில் ஒன்று மட்டும் உச்சியைத் தொட்டிருந்தால், உங்கள் புரோகிராம் ஒரே ஒரு கோரை மட்டும் பயன்படுத்துகிறது என்று பொருள். கோர்கள் அதிகமுள்ள பிராசசர் இதற்கு உதவாது. வீடியோ எடிட்டிங், நாங்கள் செய்யும் புரோகிராம் கம்பைல் போன்ற வேலைகளில் எல்லாக் கட்டங்களும் ஒன்றாக எகிறும். கோர்களைக் கூட்டிப் பலன் பெறுவது அங்கேதான்.

சரி, பிராசசர்தான் காரணம் என்று உறுதியாகிவிட்டது. எதை வாங்குவது? இதை முடிவு செய்வது நீங்களோ கடைக்காரரோ அல்ல, மதர்போர்டு. ஒரு உதாரணம். எச்110 சிப்செட் போர்டில் 2015-ல் வந்த கோர் ஐ3-6100 இருக்கிறது. இதன் சாக்கெட் எல்ஜிஏ 1151. எட்டாம் தலைமுறை இன்டெல் பிராசசர்களுக்கும் அதே சாக்கெட் பெயர்தான். ஆனால் அவை இந்தப் போர்டில் இயங்காது. 300 வரிசை சிப்செட் வேண்டும். பெயரைப் பார்த்து வாங்கி ஏமாறும் இடம் இது. ஆக, இந்தப் போர்டின் எல்லை ஏழாம் தலைமுறை ஐ7-7700. கோர்கள் இரண்டிலிருந்து நான்காகும். ஒற்றைக் கோர் வேகமோ 3.7-லிருந்து அதிகபட்சம் 4.2 கிகாஹெர்ட்ஸ்தான். இதற்குமேல் விண்டோஸ் 11-ன் தொல்லை வேறு. விண்டோஸ் 10-க்கான பொதுவான ஆதரவை மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 கேட்பதோ எட்டாம் தலைமுறை முதல். ஐ7-7700 அதில் சேராது. இந்தப் போர்டுக்காகப் பழைய ஐ7-ஐத் தேடி ரிச்சி தெருவில் அலைவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஏஎம்4 சாக்கெட் கதையே வேறு. 2017-ல் வந்த ரைசன் 3 1200 உள்ள பி350 போர்டுகள் பலவற்றில், பயாஸை அப்டேட் செய்துவிட்டு 2022-ல் வந்த ரைசன் 5 5600-ஐ மாட்டலாம். நான்கு கோர் ஆறாகிறது, திரெட் நான்கிலிருந்து பன்னிரண்டாகிறது. ஒவ்வொரு கோரும் தனியாகவும் நல்ல வேகம். இரண்டுமே 65 வாட் என்பதால் பவர் சப்ளையை மாற்ற வேண்டியதில்லை. ராமும் அதே டிடிஆர்4. முதல் தலைமுறை ரைசனை ஏற்காத விண்டோஸ் 11, இதை ஏற்கும். பயாஸில் டிபிஎம் வசதியை மட்டும் ஆன் செய்திட வேண்டும். இதுதான் கண்ணை மூடிக்கொண்டு செய்யத்தக்க அப்கிரேட்.

உங்கள் போர்டு எது என்று அறிய சிபியு-இசட் என்ற இலவச புரோகிராம் போதும். மெயின்போர்டு டேபில் மாடல் பெயரும் பயாஸ் பதிப்பும் இருக்கும். அந்தப் பெயரைப் போர்டு நிறுவனத்தின் தளத்தில் தேடினால் சிபியு சப்போர்ட் லிஸ்ட் கிடைக்கும். அந்த லிஸ்ட்டில் இல்லாத பிராசசரை, கடைக்காரர் எவ்வளவு உறுதி சொன்னாலும் வாங்க வேண்டாம். பிராண்டட் ஆபீஸ் டெஸ்க்டாப்புகளில் இந்த லிஸ்ட் இன்னும் குறுகலாக இருப்பதுண்டு.

லிஸ்ட்டில் பிராசசர் பெயருக்கு எதிரே பயாஸ் பதிப்பு எண்ணும் இருக்கும். உங்களிடம் இருப்பது அதைவிடப் பழையது என்றால், பழைய பிராசசர் மாட்டியிருக்கும்போதே பயாஸை அப்டேட் செய்துவிடுங்கள். கழற்றிய பிறகு செய்வது கடினம். நடுவில் கரண்ட் போனால் போர்டே செத்துவிடலாம், ஆகவே யுபிஎஸ் அவசியம்.

கழற்றும்போது ஒரு எச்சரிக்கை. ஏஎம்4-ல் பின்கள் பிராசசரின் அடியில் இருக்கின்றன. காய்ந்த பேஸ்ட் ஒட்டிக்கொண்டு, கூலரை இழுக்கும்போது பிராசசரும் சேர்ந்து பிடுங்கிக்கொண்டு வரும், பின்கள் வளையும். கால் மணி நேரம் கம்ப்யூட்டரை ஓடவிட்டு, ஷட்டவுன் செய்து, பவர் கேபிளைப் பிடுங்கிவிட்டுச் சூடு ஆறுவதற்குள் கூலரை இடமும் வலமுமாக லேசாகத் திருகி எடுங்கள். கழற்றிய பழைய பிராசசரை உடனே விற்றுவிட வேண்டாம். புதியது இரண்டு வாரம் சிக்கலின்றி ஓடும்வரை, அதன் பிளாஸ்டிக் பெட்டியிலேயே பத்திரமாக இருக்கட்டும்.