வாசலில் ஒரு நண்பன் – 11: உள்ளங்கால் செருப்பு அல்ல

போன வாரம் உண்ணியைப் பற்றி எழுதியபோது, விரல் இடுக்கையும் பார்த்துவிடுங்கள் என்று ஒரு வரி சொல்லியிருந்தேன். அந்த ஒரு வரி போதாது. அதற்குக் காரணம் எங்கள் தெருவில் பார்த்த ஒரு நாய்.

வேப்பம்பட்டு ரயில் நிலையத்தில் இறங்கிக் கொஞ்சம் உள்ளே நடந்தால் மனைப்பிரிவுகள்தான். ஒரு வீடு, இரண்டு காலி மனை, மறுபடி ஒரு வீடு. ஆள் நடமாட்டம் குறைவு என்பதால் பலரும் காவலுக்கு நாய் வளர்க்கிறார்கள். கணவன், மனைவி இருவரும் காலை மின்சார ரயிலைப் பிடிக்கக் கிளம்பும்போது நாயை மொட்டை மாடியில் கட்டிவிட்டுப் போவது இங்கே சகஜம். தண்ணீர் வைக்கிறார்கள், சோறு வைக்கிறார்கள். கட்டும்போது படிக்கட்டு அறையின் நிழலும் அங்கே இருக்கும். பதினோரு மணிக்கு அந்த நிழல் நகர்ந்துவிடும். சங்கிலி நகராது.

சென்ற சித்திரையில் எதிர் வீட்டு மாடியில் ஒரு நாய், நின்ற இடத்திலேயே கால்களை மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டிருந்தது. விளையாடுகிறது என்றுதான் முதலில் நினைத்தேன். குலைக்கவே இல்லை என்பது உறுத்தவே, வீட்டுக்காரருக்குப் போன் செய்துவிட்டு மேலே போனேன். தரையில் கை வைக்க முடியவில்லை. பின்னங்காலைத் திருப்பினால், உள்ளங்காலின் நடுவிலுள்ள பெரிய மெத்தையின் தோல் ஓரத்தில் கிளம்பி, பொரித்த அப்பளம்போல் சுருண்டிருந்தது. அடியில் ஈரமாய், இளஞ்சிவப்பாய்ச் சதை. அது முனகவில்லை. என் மணிக்கட்டை நக்கியது.

"நாய்க்கு என்னா சார், பொறக்கும்போதே கால்ல செருப்போடதானே பொறக்குது!" என்றார் வீட்டுக்காரர், போனில். அன்று மாலையே மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடியவரும் அவர்தான். பாசத்துக்குக் குறைவில்லை. அந்தச் செருப்பு நினைப்புதான் தப்பு.

முன்னங்காலில் நாலு விரலுக்கு நாலு மெத்தை, நடுவில் ஒரு பெரிய மெத்தை, மணிக்கட்டுக்குப் பின்னால் தனியாக ஒன்று. பின்னங்காலில் அந்த மேல் மெத்தை கிடையாது. வெளியே தடித்த தோல், உள்ளே கொழுப்பு, இடையில் நரம்பும் ரத்தக் குழாய்களும். நாயின் உடம்பில் நம்மைப்போல் வியர்வை வடியும் சுரப்பிகள் இருப்பது பெரும்பாலும் இங்கேதான். வேப்பேரியில் இருக்கும் சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனைக்கு நாயைக் கூட்டிப்போனவர்கள் கவனித்திருக்கலாம்: பயந்துபோய் மேசையில் நிற்கும் நாய் கால் எடுத்த இடத்தில் பூப்போல் ஈரத் தடம் பதிந்திருக்கும். வியர்க்கிற தோல் எப்படிச் செருப்பாகும்?

பனியில் நடக்கும் நாய்க்குக் கால் ஏன் உறைவதில்லை என்று ஜப்பானில் நினோமியா என்ற ஆய்வாளரின் குழு ஆராய்ந்தது. மெத்தைக்குள் தமனியைச் சுற்றிச் சிரைகள் வலைபோல் பின்னியிருப்பதால், குளிர்ந்து திரும்பும் ரத்தம் அங்கேயே சூடேறி உடம்புக்குப் போகிறது என்று கண்டார்கள். குளிருக்கு இப்படியோர் ஏற்பாடு. கொதிக்கிற தாருக்கு ஒன்றும் இல்லை.

நம் மாவட்டத்தின் வெயிலைச் சொல்ல வேண்டுமா? கோடைச் செய்திகளில் திருத்தணியின் பெயர் வராத வருஷமே இல்லை. சென்னையில் 2003 மே 31 அன்று 45 டிகிரி பதிவானது. அது காற்றின் சூடு. காற்றில் 35 டிகிரி இருக்கும்போதே, உச்சி வெயிலில் கிடக்கும் தார் சாலை 60-ஐத் தாண்டிவிடும். 60 டிகிரியில் மனிதத் தோல் வெந்துபோக ஐந்து விநாடி போதும். நாயின் மெத்தை கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும், அவ்வளவுதான்.

ஆகவே கோடையில் விடிந்ததும் நடத்திவிடுங்கள். மாலை ஆறு மணிக்கு வெயில் இறங்கினாலும் தார் இறங்காது; புறங்கையைச் சாலையில் ஏழு விநாடி வைத்துப் பாருங்கள். உங்களால் முடியாவிட்டால் அதனாலும் முடியாது. ஓரத்து மண்ணில் நடத்தலாம் என்றால், காலி மனைகளில் நெருஞ்சி முள்ளும் சீமைக் கருவேல முள்ளும் கிடக்கும். திரும்பி வந்ததும் விரல் விரலாகப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

கும்மிடிப்பூண்டிப் பக்கம் இன்னொரு தொல்லை. அங்கே ஒரு தொழிற்சாலை வாசலில் காவலாளியோடு கிடக்கும் நாய் ஒன்று நொண்டியது. லேத்தில் சீவி விழும் இரும்புச் சுருள், நகம் அளவுத் துண்டு, இரண்டு மெத்தைகளுக்கு நடுவே ஏறியிருந்தது. மேலே புண் மூடிவிட்டது, உள்ளே சீழ். ஆழமாக ஏறியதை வீட்டில் நோண்டாதீர்கள். மருத்துவர் மரத்துப்போகச் செய்துதான் எடுப்பார்.

புதுச் சாலை போடும் இடத்தில் தார் ஒட்டிக்கொண்டால் மண்ணெண்ணெயோ பெட்ரோலோ வேண்டவே வேண்டாம். தோலை அரிக்கும், நக்கினால் வயிற்றுக்கும் போகும். தேங்காய் எண்ணெயை ஊறவிட்டுத் துணியால் மெதுவாகத் துடைத்தால் இளகி வரும். சுட்டுவிட்டதா? பத்து நிமிஷம் குழாய்த் தண்ணீரில் காட்டுங்கள். ஐஸ் வேண்டாம், பற்பசை வேண்டாம், கொப்புளத்தை உடைக்க வேண்டாம். சுத்தமான துணியைத் தளர்வாகச் சுற்றி மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். வீட்டிலிருக்கும் நம் களிம்புகளையும் தடவாதீர்கள். நாய் எதையும் நக்கிவிடும். துத்தநாகம் கலந்த களிம்பு அதற்கு விஷம்.

ஐப்பசி, கார்த்திகையில் கதை மாறும். மனைகளில் தண்ணீர் தேங்கி, நமக்கு வரும் சேற்றுப்புண்போலவே நாய்க்கும் விரல் இடுக்கு வெந்து சிவக்கும். எலிக்காய்ச்சல் கிருமி அந்த வெடிப்பு வழியாகவே உள்ளே போகலாம். கால் கழுவி, ஈரம் போகத் துடைக்க ஒரு பழைய துண்டு வாசலிலேயே தொங்கட்டும்.

இன்னும் இரண்டு விஷயம். முன்னங்காலின் உள்பக்கம், சற்று மேலே, தரையில் படாத ஒரு விரல் இருக்கும். அதன் நகம் தேயாது. வெட்டாமல் விட்டால் வளைந்து சதைக்குள்ளேயே இறங்கும். அடுத்தது, மெத்தையும் மூக்கும் சேர்ந்து காய்த்துத் தடித்துப்போய், கண்ணில் பீளையும் காய்ச்சலும் இருந்தால் எண்ணெய் தடவிக்கொண்டு காத்திருக்காதீர்கள். டிஸ்டெம்பர் நோயாக இருக்கலாம். குட்டியிலேயே தடுப்பூசி போடாத நாய்களைத்தான் அது அதிகம் வாரிக்கொண்டு போகிறது.

எதிர் வீட்டு நாய்க்குப் புதுத் தோல் வளரும்வரை நாள் தவறாமல் கட்டு மாற்றினார்கள். இப்போது மாடிப்படிக்குக் கீழே, சிமெண்டுத் தரையில் சாக்கு விரித்துக் கட்டுகிறார்கள். இதைப் படிக்கும்போது உங்கள் நாய் மாடியில் இருந்தால், மற்றதெல்லாம் அப்புறம்; முதலில் அவிழ்த்துக் கீழே கொண்டுவாருங்கள். நாலு காலையும் திருப்பிப் பாருங்கள்.

(தொடரும்)