அரை மாரத்தான்: நடப்பவர்க்கும் அங்கே இடமுண்டு

மாரத்தான் என்றதும் நம் மனக்கண்ணில் தோன்றுபவர் யார்? மெலிந்த உடலும் உரமேறிய கால்களும் கொண்டு காற்றாய்ப் பறக்கும் ஓர் இளைஞர். ஐம்பது வயதைத் தொட்ட மளிகைக் கடைக்காரரோ, பிள்ளைகளைப் பெற்று வளர்த்துக் கரையேற்றிய இல்லத்தரசியோ அந்தக் காட்சியில் இடம்பெறுவதில்லை. ஆயினும், புதுவையை ஒட்டிய செம்மண் பாதைகளில் நடைபெற்றுவரும் ஓர் ஓட்டத்தில், சிறிது ஓடியும் சிறிது நடந்தும் 21 கிலோமீட்டரைக் கடந்து முடிக்க எவருக்கும் இடமுண்டு. அதில் நம் குடும்பங்களுக்கு என்ன வேலை என்று கேட்போர் முதலில் ஒரு கணக்கைப் பார்க்க வேண்டும்.

நால்வரில் ஒருவர்

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நாடு முழுவதும் நடத்தப்பட்ட நீரிழிவு ஆய்வின் முடிவுகள் 2023 ஆம் ஆண்டு வெளியாயின. இருபது வயதைக் கடந்த இந்தியர்களில் நூற்றுக்கு 11.4 பேருக்கு நீரிழிவு இருப்பதாக அந்த ஆய்வு கண்டது. புதுச்சேரியில் இந்த அளவு 26.3. இந்தியாவிலேயே கோவா மட்டும்தான் 26.4 என்று இதற்கு ஒரு மயிரிழை மேலே நிற்கிறது. வளர்ந்தவர்களில் நால்வருக்கு ஒருவர் என்றால், இந்த நோய் எட்டிப் பார்க்காத வீடு நம் ஊரில் எத்தனை இருக்கும்?

முல்லா வீதியிலோ காஜியார் வீதியிலோ விருந்து என்றால் பிரியாணியும் இனிப்பும் இல்லாமல் நிறைவுறுவதில்லை. அதில் குற்றமில்லை. உண்டதைச் செலவழிக்கும் உழைப்புதான் நம்மைவிட்டு நீங்கிவிட்டது. இரண்டு தெரு தள்ளியிருக்கும் பள்ளிவாசலுக்குக்கூட வண்டியை எடுக்கிறோம். இயங்கும் தசை இரத்தத்திலுள்ள சர்க்கரையைத் தானே இழுத்து எரித்துக்கொள்கிறது. இன்சுலின் சரிவர வேலை செய்யாத உடலிலும் இது நிகழ்கிறது. வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடலியக்கம் தேவை என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுவதும் இதனால்தான்.

இதை அறியாதவர் இல்லை. “நாளை முதல் நடப்பேன்” என்று சொல்லாதவரும் இல்லை. நான்கு நாள் நடந்து ஐந்தாம் நாள் விட்டுவிடுவதுதான் வழக்கமாக இருக்கிறது. குறிப்பிட்ட ஒரு நாளில் 21 கிலோமீட்டர் காத்திருக்கிறது என்ற எண்ணம், நான்கு மாதம் நம்மைக் கட்டிலிலிருந்து எழுப்பும். அரை மாரத்தானின் உண்மையான பயன் அந்த ஒரு நாளில் இல்லை. அதற்கு முந்திய நான்கு மாதங்களில் இருக்கிறது.

பரிசு இல்லாத ஓட்டம்

முழு மாரத்தானின் தூரம் 42.195 கிலோமீட்டர். 1908 ஆம் ஆண்டு லண்டன் ஒலிம்பிக்கில் ஓடப்பட்ட இத்தூரமே 1921 இல் நிலையான அளவாக ஏற்கப்பட்டது. அதில் சரிபாதி அரை மாரத்தான், ஏறத்தாழ 21.1 கிலோமீட்டர்.

புதுவைக்கு வடக்கே உள்ள ஆரோவில்லில் 2008 ஆம் ஆண்டு ஒரு மாரத்தான் தொடங்கப்பட்டது. முழுத் தூரம், அரைத் தூரம், 10 கிலோமீட்டர் என மூன்று பிரிவுகள். காலம், பிப்ரவரி மாதத்து ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை. பாதை பெரும்பாலும் மரநிழலில் செல்லும் மண்பாதை. இதன் தனிச்சிறப்பு, முதலிடம் இரண்டாமிடம் என்ற பரிசு இல்லாமைதான். ஓடுவதன் மகிழ்ச்சிக்காகவே ஓடுவது என்பது அதன் கொள்கை. முந்துவோருக்கும் பிந்துவோருக்கும் அங்கே பேதமில்லை என்பதால், புதிதாக வருபவர் கூசி நிற்கத் தேவையில்லை.

இடையிடையே நடப்பது இழுக்கா?

“நடப்பதற்கு மாரத்தான் எதற்கு?” என்று கேலி செய்வோர் உண்டு. 1972 ஆம் ஆண்டு மியூனிக் ஒலிம்பிக்கில் 10,000 மீட்டர் ஓடிய அமெரிக்கர் ஜெஃப் காலோவே, பின்னர் புதியவர்களுக்குப் பயிற்சியளித்தபோது வகுத்த முறையே ஓட்டமும் நடையும் மாறிமாறி வருவது. களைத்தபின் நடப்பதன்று இம்முறை; களைக்கும் முன்பே, முதல் நிமிடங்களிலிருந்தே நடையைக் கலந்துகொள்வது. இதனால் மூட்டுகளும் தசைகளும் அவ்வப்போது இளைப்பாறுகின்றன. இறுதிவரை வலு எஞ்சுகிறது.

ஹஜ், உம்ரா செய்தவர்களுக்கு இது புதிதன்று. ஸஃபா, மர்வாவுக்கிடையே ஏழு முறை செல்லும் ஸஃயீயில் மொத்தத் தூரம் மூன்று கிலோமீட்டருக்குச் சற்று மேல். பச்சை விளக்குகளுக்கு இடைப்பட்ட பகுதியில் ஆண்கள் விரைகிறார்கள். அதைக் கடந்ததும் இயல்பாக நடக்கிறார்கள். ஆயத்தமில்லாமல் சென்று அங்கே கால் வீங்கித் தவித்தவர்களின் அனுபவத்தைக் கேட்டால், இப்பயிற்சியின் அருமை இன்னும் நன்கு விளங்கும்.

கணக்கும் எளிதுதான். மணிக்கு 6 கிலோமீட்டர் வேகத்தில் நடந்தே சென்றால் மூன்றரை மணி நேரத்தில் அரை மாரத்தான் முடியும். ஒரு நிமிடம் மெல்லோட்டம், இரண்டு நிமிடம் விரைநடை என்று கலந்து, மணிக்கு 7 கிலோமீட்டரை எட்டினால் மூன்று மணி நேரம் போதும். பெயர் கொடுக்குமுன், முடிக்க எவ்வளவு நேரம் தருகிறார்கள் என்று கேட்டறிவது மட்டும் அவசியம்.

கடற்கரைச் சாலையே பயிற்சிக்களம்

மாலையில் அடைக்கப்பட்டு மறுநாள் காலைவரை வாகனமின்றி இருக்கும் கடற்கரைச் சாலை, புதுவை மக்களுக்கு வாய்த்த வரம். அதன் நீளம் ஏறத்தாழ ஒன்றரை கிலோமீட்டர். ஏழு முறை போய்த் திரும்பினால் அதுவே ஓர் அரை மாரத்தான்! பஜ்ர் தொழுதுவிட்டு நேராக அங்கே சென்றால் வெயில் ஏறுமுன் வீடு திரும்பலாம்.

ஐந்து கிலோமீட்டரை நிற்காமல் நடக்க முடிந்தவருக்குப் பதினாறு வாரப் பயிற்சி போதுமானது. வாரத்தில் மூன்று நாள் 40 நிமிடம். ஞாயிறு தோறும் ஒரு நீண்ட நடை. அது 6 கிலோமீட்டரில் தொடங்கி வாரம் ஒரு கிலோமீட்டராக உயரட்டும். நான்காவது வாரந்தோறும் தூரத்தைக் குறைத்து உடலுக்கு ஓய்வு தர வேண்டும். பதினான்காம் வாரம் 16 கிலோமீட்டரை எட்டிவிட்டால் மீதியைப் பற்றிய கவலை வேண்டாம். கடைசி இரு வாரங்கள் இளைப்பாறும் காலம்.

காலணி பழகியதாக இருக்கட்டும். புதுக் காலணியோடு ஓடுவோர் கொப்புளத்தோடு திரும்புவர். வியர்வையில் நனைந்த பருத்தித் துணி தோலை உராயும். ஆகவே, விரைவில் உலரும் தளர்வான முழுக்கை உடை நல்லது. வழக்கமில்லாத உணவை அன்று புதிதாக உண்ண வேண்டாம். தாகத்துக்கேற்பத் தண்ணீரும், கூடவே உப்பும் சேரட்டும். பயத்தில் தண்ணீரை மட்டும் அளவின்றிக் குடிப்பதும் ஆபத்தே. தொடக்க நேரம் பஜ்ரை ஒட்டி வருவதால் முஸல்லாவை உடன் கொண்டுசெல்லுங்கள்.

சகோதரிகளுக்கு

“இது ஆண்கள் விஷயம்” என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். வீட்டில் ஓயாமல் வேலை செய்யும் பெண்ணுக்கும் மூச்சு வாங்கும் நடை தனியே தேவை. பயணமொன்றில் நபி (ஸல்) அவர்களும் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களும் ஓட்டப்பந்தயம் ஓடியதையும், முதல்முறை அன்னையார் முந்தியதையும், பின்னொரு காலத்தில் நபியவர்கள் முந்தியதையும் ஹதீஸ்களில் காண்கிறோம். 2024 ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில் பெண்கள் மாரத்தானை 2 மணி 22 நிமிடம் 55 விநாடியில் வென்ற நெதர்லாந்து வீராங்கனை சிஃபான் ஹசன், ஹிஜாப் அணிந்து தங்கப் பதக்கம் பெற்றதை உலகமே பார்த்தது. பதக்கம் வெல்லும்படி உங்களை யாரும் கேட்கவில்லை. காலை உணவை ஞாயிறன்று மட்டும் கணவரும் பிள்ளைகளும் பார்த்துக்கொண்டால், உங்களுக்கு இரண்டு மணி நேரம் கிடைக்கும். குடும்பம் செய்ய வேண்டிய உதவி இதுதான்.

எச்சரிக்கை

நாற்பதைக் கடந்தவர்கள், இதயநோய், இரத்த அழுத்தம், நீரிழிவு உள்ளவர்கள் மருத்துவரிடம் காட்டிவிட்டே தொடங்க வேண்டும். இன்சுலினோ சில வகைச் சர்க்கரை மாத்திரைகளோ எடுப்பவர்களுக்கு நடுவழியில் சர்க்கரை திடீரெனத் தாழலாம். சட்டைப் பையில் பேரீச்சம்பழமோ சர்க்கரையோ இருக்கட்டும். கால் மரத்துப்போன நோயாளிகள் நடைக்குப் பின் பாதங்களைப் புண் உண்டா என்று பார்க்க வேண்டும். நெஞ்சில் இறுக்கம், தலைச்சுற்றல் தோன்றினால் அக்கணமே நின்றுவிடுவதுதான் அறிவுடைமை.

பிப்ரவரியோடு ரமளான் கூடிவரும் ஆண்டுகளில் நோன்புடன் இத்தூரத்தை முயல வேண்டாம். அத்தகைய ஆண்டுகளில் வேறு மாதத்து ஓட்டத்தைத் தேர்ந்தெடுக்கலாம். நோன்பு திறந்தபின் இலேசான நடையே போதும்.

வயதாகிவிட்டதே என்று தயங்குகிறீர்களா? 1911 இல் பிறந்த ஃபௌஜா சிங், 89 ஆம் வயதில் முதல் மாரத்தான் ஓடினார்; 2011 இல் நூறு வயதில் டொரோண்டோவில் முழு மாரத்தானையும் நிறைவு செய்தார். நமக்கு அதில் பாதித் தூரம் போதும். அதிலும் பெரும்பகுதி நடையாகவே இருக்கலாம். நாளை பஜ்ருக்குப் பள்ளிவாசல் செல்லும்போது வண்டிச் சாவியை வீட்டிலேயே விட்டுச் செல்லுங்கள். இன்ஷா அல்லாஹ், பதினாறு வாரங்களில் 21 கிலோமீட்டர் உங்கள் காலடியில் இருக்கும்.