கத்தரிக்காய் கடைத்தெருவுக்கு வருமுன்

கத்தரிக்காய் முற்றினால் கடைத்தெருவுக்கு வந்துதானே ஆகவேண்டும் என்பது நம் முன்னோர் வழக்கு. ஆனால் முற்றிய பின்னும் கடைத்தெருவுக்கு வாராமல் நின்றுவிட்ட கத்தரிக்காய் ஒன்று நம் நாட்டில் உண்டு. பி.டி. கத்தரிக்காய் என்பது அதன் பெயர். அது நின்ற வரலாறு அறிவியலைப் பற்றியது மட்டுமன்று. அறிவியலின் விளைவுகளைக் குறித்துப் பேசும் உரிமை யாருக்கு உண்டு என்பதைப் பற்றியதுமாகும்.

திருவண்ணாமலை வட்டாரத்தில் தோட்டப்பயிர் செய்யும் குடும்பங்களுக்குக் காய்ப்புழுவைப் பற்றி நாம் விளக்கவேண்டுவதில்லை. வெளியே பளபளக்கும் காயை அரிவாள்மனையில் நறுக்கும்போதுதான் உள்ளிருக்கும் புழு வெளிப்படும். அதற்கு அஞ்சியே மீண்டும் மீண்டும் மருந்து தெளிக்கிறார்கள். காய்க்குள் புகுந்துவிட்ட புழுவை மருந்து எளிதில் எட்டுவதில்லை. தெளிப்பவரின் மூச்சையும் தோலையுமோ அது தவறாமல் எட்டிவிடுகிறது.

மண்ணில் வாழும் பாசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்னும் நுண்ணுயிரியின் மரபணு ஒன்றைக் கத்தரியில் புகுத்தினால், அப்புழுவைக் கொல்லும் புரதத்தைச் செடியே உண்டாக்கிக்கொள்ளும். மகிகோ நிறுவனத்தின் இம்முயற்சியில் நம் கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகமும் பங்குகொண்டது. ஆகவே இதனை அந்நியர் சதி என்று ஒரே சொல்லில் தள்ளிவிடுவது நேர்மையாகாது.

2009 அக்டோபர் 14ஆம் நாள் மத்திய அரசின் மரபணுப் பொறியியல் ஒப்புதல் குழு இதற்கு இசைவளித்தது. அன்றைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் அவ்விசைவை உடனே செயற்படுத்தவில்லை. 2010 ஜனவரி 13 முதல் பிப்ரவரி 6 வரை, கல்கத்தா தொடங்கிப் பெங்களூர் ஈறாக ஏழு நகரங்களில் மக்கள் கருத்தைக் கேட்டார். ஏறத்தாழ 8,000 பேர் கலந்துகொண்டனர். கூச்சலும் குழப்பமும் இல்லாமலில்லை. ஆயினும் உழவரும் விஞ்ஞானியும் ஒரே கூடத்தில் அமர்ந்து ஒருவர் சொல்வதை மற்றவர் கேட்க நேர்ந்தது நம் நாட்டுக்குப் புதுமையே. பிப்ரவரி 9ஆம் நாள், நெடுங்கால ஆய்வுகள் போதா, விஞ்ஞானிகளிடையே ஒருமித்த கருத்து இல்லை எனக்கூறி அமைச்சர் நிறுத்திவைத்தார். அவ்வாண்டே 'ஒப்புதல் குழு', 'மதிப்பீட்டுக் குழு' ஆயிற்று. ஆராயும் முன்பே ஒப்புதலைப் பெயரில் சூடியிருந்த குழு அது!

அந்த ஏழு நகரங்களில் தமிழகத்து ஊர் ஒன்றுமில்லை. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற முள்ளுக் கத்தரிக்காயை விளைவிக்கும் நம் வேலூர்ப் பகுதி உழவர், தம் மனத்திலுள்ளதைச் சொல்லப் பெங்களூருக்குத்தான் போயிருக்கவேண்டும். மேலும், ஆண்டுக்கணக்கில் உழைத்துப் பயிரை முடித்தபின் மக்களைக் கேட்டதனால் விஞ்ஞானிகளுக்கு மனக்கசப்பு; மக்களுக்கோ ஐயம். விதையைக் கையில் எடுக்கும்போதே கேட்டிருக்கலாகாதா? பங்களாதேசத்தில் 2014 முதல் இக்கத்தரி பயிராகிறது. மருந்துச் செலவு குறைந்ததாக அங்கு நடந்த ஆய்வுகள் கூறுகின்றன. நம் வயல்களிலோ தெளிப்பு நிற்கவில்லை. நிறுத்திவைத்ததற்கும் ஒரு விலை உண்டென்பதை மறைத்தல் தகாது.

அறிவியலுக்கு அதற்கே உரிய தன்னுரிமை உண்டென்பதை இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் 'இன்றைய உலகில் திருச்சபை' என்னும் ஏட்டில் ஏற்றுக்கொண்டது. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015ஆம் ஆண்டுச் சுற்றுமடலில் மரபணு மாற்றப் பயிர்களைப் பொதுப்படையாகக் கண்டிக்கவுமில்லை, வாழ்த்தவுமில்லை. உழவர், நுகர்வோர், விஞ்ஞானிகள், விதை உற்பத்தியாளர் யாவரும் முழுச் செய்தியையும் அறிந்து விவாதிக்கவேண்டும் என்றே கோரினார். பீடத்தில் நின்று இதில் தீர்ப்புக் கூறுவது குருவின் வேலையன்று என்பதே என் எண்ணமும்.

இப்போது முறை அரிசிக்கு வந்திருக்கிறது. 2025 மே மாதம் மரபணு திருத்தப்பட்ட இரு நெல் வகைகளை மத்திய அரசு அறிவித்தது. வேற்று உயிரின் மரபணு இவற்றில் இல்லை என்பதால், 2022இல் அளிக்கப்பட்ட விலக்கின்படி பழைய கடும் சோதனை விதிகள் இவற்றிற்குப் பொருந்தா. நன்மை விளையலாம். ஆனால் ஆரணி அரிசி ஆலைக்கு நெல் அனுப்பும் நம் குடும்பங்களை இம்முறை எவரும் ஏழு நகரங்களுக்குக்கூட அழைக்கவில்லை.

கிராம சபை அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களிலும் கூடுகிறது. நம் மாவட்டத்து வாழவச்சனூரில் 2014 முதல் வேளாண்மைக் கல்லூரி இருக்கிறது. அங்குள்ள ஆசிரியர் ஒருவரைச் சபைக்கு வரவழைத்துத் தமிழிலேயே கேட்கலாம்: இவ்விதையை அடுத்த போகத்துக்கு எடுத்துவைக்கலாமா? விலை என்ன? பழைய வகைகளோடு மகரந்தம் கலக்குமா? பயிர் பொய்த்தால் ஈடு செய்பவர் யார்?